பென்ஷன் பணத்தில் கடன்காரன் கை வைக்கலாமா?

ஆவடி டாங்கி தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடி கம்பெனிகள், எங்கே பார்த்தாலும் மாதக் கடைசி நாளில் ஒரு காட்சி உண்டு. ரோஜா மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம். கூட வேலை பார்த்தவர்கள் வேன் பிடித்து, ரிட்டயர் ஆனவரை வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

மறுநாள் காலையில் வாசலில் வேறொருவர் நிற்பார். அவர் கையில் மாலை இருக்காது. நோட்டு இருக்கும்.

"இன்னா பெரியவரே, செட்டில்மெண்ட் எப்போ வருது?"

"இன்னும் வரலை தம்பி. ரெண்டு மாசம் ஆவும்னு சொல்றாங்க."

"வந்தா நம்ம கணக்கை மொதல்ல முடிச்சிடணும். சொல்லிட்டேன்."

இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டா? கேட்கலாம். கொடுத்த கடனைக் கேட்பது குற்றம் அல்ல. ஆனால் வரப்போகும் பென்ஷன், கிராஜுவிட்டி, பிராவிடண்டு பண்டு பணத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று மடக்க அவருக்கு உரிமை கிடையாது. அவருக்கு மட்டும் அல்ல, கோர்ட்டுக்கே கிடையாது! டிக்ரி வாங்கி, அமீனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் அந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது.

இந்த விஷயம் கடன் கொடுத்தவருக்குத் தெரியாது. பாதிப் பேருக்குத் தெரிந்தும் சொல்வதில்லை. கடன் வாங்கியவருக்கோ அறவே தெரியாது. அதுதான் கொடுமை.

1871-ல் இருந்தே இருக்கும் பாதுகாப்பு

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. 1871-ம் ஆண்டு பென்ஷன் சட்டம். சர்க்கார் பென்ஷன் வரவேண்டிய பாக்கியாக இருக்கும்போது, கடனுக்காக யாரும் அதைப் பறிமுதல் செய்யக் கூடாது என்று அதன் 11-வது பிரிவு கூறுகிறது. பென்ஷன் கைக்கு வருவதற்கு முன்பே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அந்தப் பத்திரம் செல்லாது என்கிறது 12-வது பிரிவு.

இது சர்க்கார் ஊழியர்களுக்கு. அம்பத்தூரில் லேத் ஓட்டியவருக்கும், பட்டறைவாக்கத்தில் பிரஸ் மெஷினில் நின்றவருக்கும் என்ன?

அவர்களுக்குக் கை கொடுப்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. கடனாளியின் எந்தெந்தச் சொத்தை ஜப்தி செய்யக் கூடாது என்று அதில் பட்டியல் இருக்கிறது. சமையல் பாத்திரம், பாய் படுக்கை, கட்டியிருக்கும் துணி, பெண்களின் தாலி, தொழிலாளியின் கருவிகள் என்று போகும் அந்தப் பட்டியலில் பென்ஷனும் கிராஜுவிட்டியும் உண்டு. முன்பு சர்க்கார் பென்ஷன்காரர்களுக்கு மட்டும் இருந்த இந்தச் சலுகை, 1976-ல் கொண்டு வந்த திருத்தத்தால் "வேறு எந்த முதலாளியிடம்" வேலை பார்த்தவருக்கும் கிடைத்தது. 1977 பிப்ரவரி 1-ந் தேதி முதல் அது அமலில் இருக்கிறது. தொழிற்பேட்டைக்காரர்கள் இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அதே திருத்தத்தில் இன்னொரு வரியும் சேர்ந்தது. அதை யாரும் பேசுவதே இல்லை. "எனக்கு இந்தச் சலுகை வேண்டாம், என் கிராஜுவிட்டியை எடுத்துக்கொள்ளலாம்" என்று கடனாளி முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. பைனான்ஸ் கம்பெனியின் பாரத்தில் பொடி எழுத்தில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. கடன் வாங்கும்போது மனிதன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

பிராவிடண்டு பண்டுக்கு 1952-ம் ஆண்டு சட்டத்தின் 10-வது பிரிவும், கிராஜுவிட்டிக்கு 1972-ம் ஆண்டு சட்டத்தின் 13-வது பிரிவும் இதே காவலைத் தனியாகக் கொடுத்தன. இந்தச் சட்டங்கள் 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடக்கப்பட்டுவிட்டன. ஆகவே இனி மனு எழுதுகிறவர்கள் பழைய எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதாமல், வக்கீலிடம் கேட்டு எழுத வேண்டும்.

பாங்கியில் விழுந்த பிறகு?

இங்கேதான் சிக்கல். பணம் கம்பெனியிடமோ, முகப்பேரில் இருக்கும் அம்பத்தூர் மண்டல பி.எப். ஆபீசிடமோ இருக்கும் வரை பத்திரம். அதில் சந்தேகமே இல்லை. 1952-லேயே சுப்ரீம் கோர்ட்டு இதைச் சொல்லிவிட்டது. கல்கத்தாவில் தபால் இலாகா ஊழியர் ஒருவரின் பிராவிடண்டு பண்டை, ரிசீவர் போட்டு எடுத்துக்கொள்ளப் பார்த்தார் கடன் கொடுத்தவர். முடியாது என்றது கோர்ட்டு.

1987-ல் விமானப்படை விங் கமாண்டர் ஒருவர் வழக்கு. குவார்ட்டர்ஸ் வாடகை பாக்கிக்காக, அவருடைய கம்யூட்டேஷன் பணத்தில் சர்க்காரே கை வைத்தது. அதுவும் தவறு என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அந்தத் தீர்ப்பில் ஒரு பொடியும் இருந்தது. பணம் பென்ஷன்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும் என்பதே அது.

பென்ஷன் என்றால் இப்போது யாரும் கையில் வாங்குவது இல்லை. நேராக பாங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. அப்படியானால் கணக்கில் விழுந்த நிமிஷமே கடன்காரன் பிடித்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்கு 2008 நவம்பரில் பதில் கிடைத்தது. பஞ்சாப் நேஷனல் வங்கி ஒரு பக்கம், ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் மறுபக்கம். அவருக்கு வந்த ரிட்டயர்மெண்ட் பணம் பிக்சட் டெபாசிட்டில் போடப்பட்டிருந்தது. டெபாசிட் ஆகிவிட்டதால் அது இனி சாதாரணப் பணம்தான், எடுத்துக்கொள்ளலாம் என்பது பாங்கியின் வாதம். சுப்ரீம் கோர்ட்டு ஒத்துக்கொள்ளவில்லை. பென்ஷனும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்த பிறகும் தன் குணத்தை இழப்பது இல்லை, டெபாசிட்டாக மாறினாலும் 60-வது பிரிவின் பாதுகாப்பு தொடரும் என்று தீர்ப்பு அளித்தது.

இந்தத் தீர்ப்பை ஒவ்வொரு பென்ஷன்காரரும் ஒரு நகல் எடுத்து பாஸ்புத்தகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒன்று. அந்தத் தீர்ப்பு பேசுவது பென்ஷனையும் கிராஜுவிட்டியையும். பணத்தை எடுத்து மனை வாங்கிவிட்டால், மகன் கடையில் போட்டுவிட்டால், அப்புறம் அது கிராஜுவிட்டி என்று கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. சீட்டுப் பணம், வாடகைப் பணம், மகள் அனுப்பிய பணம் எல்லாம் ஒரே கணக்கில் கலந்து கிடந்தாலும் தொல்லைதான். எந்த ரூபாய் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டியவர் பெரியவர்தான். ரிட்டயர்மெண்ட் பணத்துக்குத் தனிக் கணக்கு, கம்பெனி கொடுத்த செட்டில்மெண்ட் சீட்டு பத்திரம். இவ்வளவு செய்தால் வக்கீல் வேலை பாதி முடிந்தது.

அப்படி என்ன கோடிக்கணக்கான பணம்?

பட்டறைவாக்கம் தொழிலாளி ஒருவர் 20 வருஷம் வேலை பார்த்து, கடைசிச் சம்பளம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில் அவருக்கு வரும் கிராஜுவிட்டி 2 லட்சத்து 7 ஆயிரத்துச் சொச்சம். அவ்வளவுதான். 20 வருஷத்து முதுகு வலிக்கு விலை!

பி.எப். பென்ஷன் இன்னும் பரிதாபம். 2014 செப்டம்பரில் சம்பள உச்சவரம்பை 15,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த வரம்பில் 35 வருஷம் முழுசாகக் கணக்குப் போட்டாலும் மாதம் 7,500 ரூபாய்தான் வரும். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்றும் அதே மாதத்தில்தான் அறிவித்தார்கள். ஆயிரம் ரூபாயில் ஒருவர் மாதம் முழுக்க டீ குடிக்கலாம். சாப்பிட முடியாது.

இந்தப் பணத்தில் பாதியைக் கடன்காரன் கொண்டு போனால் பெரியவர் யார் கையை எதிர்பார்ப்பது? மருமகள் கையை. அல்லது மறுபடியும் அதே கடன்காரன் கையை. இதனால்தான் சட்டம் வேலி போட்டது. கடனாளி மேல் இரக்கப்பட்டு மட்டும் அல்ல. வேலை செய்ய முடியாத வயதில் ஒருவன் தெருவுக்கு வந்தால் ஊர்தான் சோறு போட வேண்டும் என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

வேலையில் இருக்கும்போது கடன்பட்டவர்களுக்கும் இதே சட்டத்தில் வழி உண்டு. கூலித் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்யவே கூடாது. மாதச் சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு. 18,000 சம்பளத்தில் 12,333 ரூபாயைத் தொட முடியாது. மனைவி மக்களுக்கான ஜீவனாம்ச வழக்கு என்றால் கணக்கு வேறு. அது நியாயமும் கூட.

கோர்ட்டுக்கே வராத கடன்காரன்

மேலே சொன்னது எல்லாம் கோர்ட்டுக்குப் போகும் கடன்காரனுக்கு. அம்பத்தூரிலும் ஆவடியிலும் எத்தனை தண்டல்காரன் கோர்ட்டுக்குப் போகிறான்? அவனுக்கு டிக்ரியும் வேண்டாம், அமீனாவும் வேண்டாம். ஏ.டி.எம். கார்டு போதும்.

கடன் கொடுக்கும்போதே கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒன்றாந் தேதி பென்ஷன் விழுந்ததும் அவர்களே போய் எடுத்து, வட்டியைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைப் பெரியவர் கையில் கொடுக்கிறார்கள். சுப்ரீம் கோர்ட்டே தொட முடியாத பணத்தை, லுங்கி கட்டிய ஒருவன் மெஷின் முன்னால் நின்று எண்ணுகிறான்! 1871-ம் ஆண்டுச் சட்டம் எழுதியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை.

இது சென்னைக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல. சம்பளம், பென்ஷன் வாங்கும் ஏழைகள் எங்கே கூட்டமாக இருக்கிறார்களோ அங்கே கார்டு அடகும் இருக்கிறது.

இது தடுக்க முடியாத காரியமா? இல்லை. தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே அதீத வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல், எல்லாம் அதில் பெயரோடு இருக்கிறது. மூன்று வருஷம் வரை ஜெயில், 30 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். வாங்கிய கடனை நியாயமான வட்டியோடு கோர்ட்டில் கட்டிவிட்டு "கணக்கு முடிந்தது" என்று பதிவு செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. அந்த வழியாக எத்தனை பேர் போயிருப்பார்கள்? கேள்விப்பட்டவர்களே குறைவு.

சட்டம் வந்து 14 வருஷம் கழித்து, 2017 அக்டோபர் 23-ந் தேதி, நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் தீக்குளித்தார். நான்கு பேரும் இறந்தார்கள். கந்து வட்டிக் கொடுமை பற்றி மனு மேல் மனு கொடுத்தும் பலன் இல்லை என்பதுதான் அன்று ஊர் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு 2022-ல் போலீசார் கந்து வட்டிக்காரர்கள் மேல் மாநிலம் முழுவதும் தனி நடவடிக்கை எடுத்தார்கள். 2025-ல் கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தனிச் சட்டமே சட்டசபையில் நிறைவேறியது. சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை.

பஞ்சம் எங்கே என்றால் ஸ்டேஷன் வாசலில். கார்டைப் பிடுங்கி வைத்திருக்கிறான் என்று பெரியவர் போய்ச் சொன்னால், "கடன் வாங்கினீங்களா இல்லையா? கொடுத்துட்டு வாங்கிக்குங்க" என்று திருப்பி அனுப்பினால் அதோடு அந்தப் பெரியவர் மறுபடி படி ஏற மாட்டார். கடன் வாங்கியது சிவில் விவகாரம். கார்டை வைத்துக்கொண்டு பணம் எடுப்பதும், மிரட்டுவதும் சிவில் விவகாரம் அல்ல. மிரட்டிப் பறிப்பதற்கு 308, கொலை மிரட்டல் உள்பட மிரட்டலுக்கு 351 என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவுகள் இருக்கின்றன. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி முதல் ஆவடி போலீஸ் கமிஷனரின் கீழ் இருக்கின்றன. பென்ஷன்காரர் கார்டு சம்பந்தப்பட்ட புகாரை எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக் கூடாது என்று கமிஷனர் ஒரு உத்தரவு போட்டால் போதும். பாதித் தண்டல்காரர்கள் கார்டுகளை அவர்களாகவே கொண்டு வந்து கொடுத்துவிடுவார்கள்.

பாங்கி ஆட்கள் வந்தால்

தண்டல்காரனாவது லுங்கியில் வருகிறான். பாங்கி அனுப்பும் வசூல் ஆட்கள் டை கட்டிக்கொண்டு வந்து அதையேதான் செய்கிறார்கள். கடனை வசூலிக்க அடியாட்களை அனுப்பக் கூடாது என்று 2007-லேயே ஒரு தனியார் பாங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் தொல்லை செய்யக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவு அனுப்பியது.

"கடனைக் கட்டாவிட்டால் ஜெயில்" என்று மிரட்டுவதும் பொய். கையில் காசு இல்லாததற்காக மட்டும் ஒருவனை சிவில் ஜெயிலில் போடக் கூடாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

ஆனால் எச்சரிக்கை தேவை. வெறும் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்து, அது பணம் இல்லாமல் திரும்பினால் அது வேறு வழக்கு. கிரிமினல் வழக்கு. மாதத் தவணையைக் கணக்கில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் கொடுத்துவிட்டு, அது திரும்பினாலும் அதே கதிதான். 60-வது பிரிவு ஜப்தியில் இருந்து காப்பாற்றும்; செக் வழக்கில் இருந்து காப்பாற்றாது. ரிட்டயர் ஆகும் மாதத்தில் முதல் வேலையாக, யார் யார் கையில் தன் செக் இருக்கிறது, எந்தக் கணக்கில் எந்தத் தவணை ஓடுகிறது என்று ஒரு பேப்பரில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுதினால் சிலருக்கு வியர்த்துவிடும். பரவாயில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தான் ஒரு பைசா வாங்காமல், சக தொழிலாளிக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள். வாங்கியவன் ஊரை விட்டே போயிருப்பான். ஜாமீன்காரர் பென்ஷனை நோட்டீஸ் தேடி வரும். அவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

"அப்படியானால் கொடுத்தவன் ஏமாளியா?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மளிகைக் கடைக் கடனும் கடன்தான். கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. வீடு இருந்தால் வீட்டின் மேல் போகலாம். வேறு வருமானம் இருந்தால் அதன் மேல் போகலாம். பெரியவரே மனம் ஒத்து மாதம் 500 ரூபாய் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். மளிகைக்காரர் யாரும் கார்டைப் பிடுங்கி வைப்பதும் இல்லை. பென்ஷன் வரும் என்ற ஒரே நம்பிக்கையில் 10 வட்டிக்குப் பணத்தைத் தூக்கிக் கொடுக்கிறவனைப் பற்றித்தான் பேச்சு. அவன் பெரியவரை நம்பிக் கொடுக்கவில்லை. ஜப்தி செய்ய முடியாத பணத்தை நம்பிக் கொடுத்தான். நஷ்டம் வந்தால் அது அவன் போட்ட கணக்கு.

கேட்டால்தான் கிடைக்கும்

கோர்ட்டில் இருந்து ஜப்தி நோட்டீஸ் வந்தால் பலர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதைவிடத் தவறு வேறு இல்லை. இது பென்ஷன் பணம், 60-வது பிரிவின்படி தொடக் கூடாது என்று அதே கோர்ட்டில் மனு போட வேண்டும். கேட்காவிட்டால், கணக்கில் இருக்கும் பணம் எது என்று நீதிபதிக்கு ஜோசியமா தெரியும்?

வக்கீல் பீசுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து விசாரிக்கலாம்.

தொழிற்சங்கங்கள் இதில் என்ன செய்கின்றன? போனசுக்கு வாயில் கூட்டம் போடுகிறார்கள், சரி. ரிட்டயர் ஆகும் ஆளுக்கு, கடைசி மாதத்தில் ஒரு அரை மணி நேரம் உட்கார வைத்து, தனிக் கணக்கு தொடங்கு, கார்டைக் கொடுக்காதே, செக்கைத் திரும்ப வாங்கு என்று யாராவது சொல்கிறார்களா? மாலைக்கும் சால்வைக்கும் வசூல் செய்யும் பணத்தில் 50 ரூபாய் ஒதுக்கினால் 2008-ம் ஆண்டுத் தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்து, 60-வது பிரிவைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுத்துவிடலாம். கம்பெனி பர்சனல் ஆபீசரும் செட்டில்மெண்ட் சீட்டோடு அதை இணைத்துக் கொடுக்கலாம். அதற்கு மந்திரி உத்தரவு தேவை இல்லை. பாங்கி மேனேஜர்களும், ஒரு கணக்கில் பென்ஷன் மட்டும் வருகிறது என்று தெரிந்தால், ஜப்தி உத்தரவுக்குப் பதில் எழுதும்போது அதை ஒரு வரியில் கோர்ட்டுக்குத் தெரிவிக்கலாம். அந்த ஒரு வரி இல்லாததால்தான் கணக்கு முடங்கி, மாத்திரை வாங்கக் காசு இல்லாமல் பெரியவர்கள் கவுண்டர் கவுண்டராக அலைகிறார்கள்.